கேளுங்க சொல்றேன்: நியூட்ரல் அம்பயர் கேட்ட கேப்டன்

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் எழுதும்போது போற போக்குல "கிரிக்கெட் ஆடி பிரதமர் ஆனவர் இம்ரான் கான் ஒருத்தர்தான்"னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், திட்டி பாதி லெட்டர், மேல கேட்டு பாதி லெட்டர். அதனால இந்த வாரம் முழுக்க பாகிஸ்தானோட பழைய கேப்டன் இம்ரான்தான். சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

கேள்வி: தப்பா எழுதிட்டீங்க சார். நவாஸ் ஷெரிஃப் கூட கிரிக்கெட் ஆடினவர்தானே?
*- ஒரு வாசகர், பாளையங்கோட்டை*

ஆமா சார், ஒத்துக்கறேன். அவரும் பாகிஸ்தான் பிரதமரா இருந்தவர்தான். 1970கள்ல ரயில்வேஸ் டீமுக்கு ஒரே ஒரு ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச் ஆடினார், எடுத்த ரன் முட்டை. இங்கிலாந்து பிரதமரா இருந்த அலெக் டக்ளஸ் ஹோம் கூட கவுன்டி ஆடினவர்தான். நான் சொல்ல வந்தது டெஸ்ட் மேட்ச் ஆடி பிரதமர் ஆனவர்னு, "டெஸ்ட்"ங்கற வார்த்தை விட்டுப்போச்சு.

நவாஸ் பத்தி இம்ரானே சொல்ற கதை ஒண்ணு இருக்கு. 1987 உலகக்கோப்பைக்கு முன்னாடி லாகூர்ல வெஸ்ட் இண்டீஸ் கூட ஒரு ப்ராக்டிஸ் மேட்ச். அப்போ நவாஸ் பஞ்சாப் முதலமைச்சர். இன்னிக்கு முதல்வர்தான் கேப்டன்னு இம்ரான்கிட்ட வந்து சொல்றாங்க, சரி பேருக்கு கேப்டனா இருப்பார்னு பார்த்தா மனுஷன் நேரா போய் விவ் ரிச்சர்ட்ஸ் கூட டாஸ் போட்டுட்டு ஓப்பனிங்கும் இறங்கிட்டார். கூட இறங்கின ஓப்பனர் முதாசர் நாசர் எதிர் முனையில உடம்பு பூரா பேட் கட்டி ஹெல்மெட்டோட நிக்கறார், இவர் தலையில வெயில் தொப்பி. ஆம்புலன்ஸ் ரெடியா இருக்கான்னு இம்ரான் விசாரிச்சாராம்! முதல் பால் எங்க போச்சுன்னு தெரியறதுக்குள்ள கீப்பர் கையில இருந்துச்சாம், ரெண்டாவது பால் ஸ்டம்ப்ல. இந்த ரெண்டு பேரும்தான் பின்னாடி கால் நூற்றாண்டு காலம் ஒருத்தர் மேல ஒருத்தர் வழக்கு, ஊர்வலம், வசவுன்னு அடிச்சுக்கிட்டாங்கன்றதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

கேள்வி: எங்க வீட்ல அவர், இம்ரான் பேச்சு வந்தாலே "நான் சேப்பாக்கத்துல பார்த்தேன்"னு ஆரம்பிச்சுடறார். அப்படி என்னதான் பார்த்தாராம்?
*- ஒரு வாசகி, மயிலாப்பூர்*

அவரை திட்டாதீங்கம்மா, நானும் அங்கதான் இருந்தேன். 1987 பிப்ரவரி, அஞ்சு மேட்ச் சீரிஸோட முதல் டெஸ்ட். பாகிஸ்தான் 487 அடிச்சு டிக்ளேர், அதுல இம்ரான் 135 நாட் அவுட். நாங்க போனது அவர் பவுலிங் பார்க்க, பார்த்தது பேட்டிங். பதிலுக்கு நம்ம ஸ்ரீகாந்த் 123 அடிச்சார், இந்தியா 527 அடிச்சது, மேட்ச் டிரா. டிரா ஆன மேட்ச்சை இத்தனை வருஷம் கழிச்சும் பேசறார்னா அவர் நிஜமாவே பார்த்திருக்கார்னு அர்த்தம்.

அந்த சீரிஸ்ல நாலு டெஸ்ட் டிரா ஆகி கடைசியா பெங்களூர்ல 16 ரன்ல பாகிஸ்தான் ஜெயிச்சது. நம்ம மண்ணுல அவங்களுக்கு அதுதான் முதல் டெஸ்ட் சீரிஸ் வெற்றி. கவாஸ்கருக்கு கடைசி டெஸ்ட், அந்த திருகற பிட்ச்ல 96. அவர் அதுக்கு முந்தின வருஷமே ரிட்டையர் ஆகப் போறேன்னு சொன்னப்போ, "இந்தியாவை இந்தியாவுல வந்து ஜெயிக்கணும், நீ இல்லாம ஜெயிச்சா அதுல என்ன இருக்கு, ஒரு சீரிஸ் பொறு"ன்னு தடுத்ததே இம்ரான்தான்னு கவாஸ்கர் சொல்லியிருக்கார். எதிரி டீம்ல பெரிய ஆள் இருக்கணும்னு ஆசைப்பட்ட கேப்டன்! அரசியலுக்கு வந்தப்புறம் இந்த குணம் எங்க போச்சுன்னு தெரியல.

கேள்வி: நியூட்ரல் அம்பயர் கொண்டு வந்தது இம்ரான்தான்னு எங்க கோச் சொல்றார். உண்மையா அங்கிள்?
*- பத்தாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்*

கொண்டு வந்தது உலக கிரிக்கெட்டை நடத்தற ஐசிசிதான் தம்பி, ஆனா விடாம கேட்டவர் இம்ரான். நியூட்ரல்னா ஆடற ரெண்டு நாட்டையும் சேராத அம்பயர். அந்தக் காலத்துல எந்த ஊர்ல மேட்ச்சோ அந்த ஊர் அம்பயர்தான் நிப்பார். பாகிஸ்தான்ல போய் ஆடினா எல்பிடபிள்யூல அவங்க ஆள் அவுட்டே ஆக மாட்டான்னு உலகம் பூரா கிண்டல். இம்ரானுக்கு அதுதான் எரிச்சல், நாங்க நல்லா ஆடி ஜெயிச்சாலும் அம்பயர் ஜெயிக்க வச்சார்னு சொல்றாங்களேன்னு. 1986 நவம்பர்ல லாகூர்ல வெஸ்ட் இண்டீஸ் கூட டெஸ்ட், அம்பயரா நிக்க நம்ம ஊர்ல இருந்து வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் போனாங்க. பாகிஸ்தான் மேட்ச்சுக்கு இந்திய அம்பயர், யோசிச்சுப் பாரு!

அந்த மேட்ச்ல என்ன ஆச்சு தெரியுமா, பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி. வேற ஒருத்தரா இருந்தா போதும்டா சாமி நம்ம ஆளையே போடுன்னு சொல்லியிருப்பார். இவர் விடல. 1989ல இந்தியா அங்க போனப்போ, நம்ம சச்சின் அறிமுகமான சீரிஸ், இங்கிலாந்துல இருந்து ரெண்டு அம்பயர் வந்து நின்னாங்க. அதே டூர்ல லாகூர் ஒன் டேயில ஸ்ரீகாந்த் எல்பிடபிள்யூ கொடுத்ததுக்கு முனகிட்டே நடந்தப்போ இம்ரானே திரும்ப கூப்பிட்டு ஆடச் சொன்னார். அடுத்த பாலே கீப்பர் கேட்ச், அது ஸ்ரீகாந்தோட ராசி. ஐசிசி 1994ல இருந்து ஒரு நியூட்ரல் அம்பயர், 2002ல இருந்து ரெண்டு பேரும் நியூட்ரல்னு சட்டமாக்கிச்சு.

"நியூட்ரல்"ங்கற அந்த வார்த்தையை மறந்துடாத தம்பி, கீழே இன்னொரு தடவை வரும்.

கேள்வி: 1992 உலகக்கோப்பை வாங்கும்போது டீமுக்கே நன்றி சொல்லலையாமே? அவ்ளோ தலைக்கனமா?
*- ஒரு வாசகர், ஈரோடு*

தலைக்கனம் உண்டு, யார் இல்லைன்னா. ஆனா அன்னிக்கு நடந்தது வேற. மெல்போர்ன், மார்ச் 25, தோள்பட்டை வலியோட 39 வயசுல இறங்கி ஃபைனல்ல 72 அடிச்சு, கடைசி விக்கெட்டையும் அவரே எடுத்து, 22 ரன்ல இங்கிலாந்தை ஜெயிச்சு கப்பை கையில வாங்கறார். அந்த டோர்னமென்ட்ல இதே இங்கிலாந்து இவங்களை 74 ரன்ல சுருட்டி, மழை வந்து ஒரு பாயின்ட் பிச்சை போட்டதாலதான் செமிஃபைனலுக்கே வந்தாங்க. அப்படிப்பட்ட மேடையில நின்னு மனுஷன் பேசினது கேன்சர் ஆஸ்பத்திரி பத்தி, இந்த கப்பு அதுக்கு உதவும்னு. வாசிம் அக்ரம் தொடர்ந்து ரெண்டு பால்ல லாம்பையும் லூயிஸையும் கிளப்பினது, மியான்தாத் 58 அடிச்சது, எதுவும் வாயில வரல. டீம்ல சிலருக்கு அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்துச்சு. எனக்கு கேட்டா தப்புதான், ரெண்டு வரி சேர்த்து சொல்லியிருக்கலாம். ஆனா மனசுல எது ஓடிட்டு இருந்துச்சுன்னு அந்த பேச்சு காட்டிக் கொடுத்துடுச்சு பாருங்க.

கேள்வி: அந்த ஆஸ்பத்திரி நிஜமாவே ஏழைகளுக்கு இலவசமா பார்க்குதா, இல்ல எல்லா ஸ்டார் அறக்கட்டளை மாதிரி போட்டோவுக்கா? எங்கம்மாவையும் இந்த நோய்தான் கொண்டு போச்சு, அதான் கேக்கறேன்.
*- ஒரு வாசகி, கும்பகோணம்*

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன்மா. அவரும் அம்மாவை பறிகொடுத்துதான் ஆரம்பிச்சார். அம்மா பேர் ஷௌகத் கானம், 1985ல கேன்சர்ல போனாங்க. அப்போ பாகிஸ்தான்ல கேன்சருக்குன்னு முழுசா ஒரு ஆஸ்பத்திரி கிடையாது, வசதி இருக்கறவங்க லண்டன் போவாங்க, இவங்களும் கூட்டிட்டுப் போனாங்க. அந்த சமயத்துல லாகூர் மேயோ ஆஸ்பத்திரியில ஒரு பெரியவர் மருந்துச்சீட்டை வச்சுக்கிட்டு அலையறதைப் பார்த்தாராம், தம்பிக்கு கேன்சர், பகல் பூரா கூலி வேலை பார்த்துட்டு வந்து மருந்து வாங்கறார்னு சொன்னாங்களாம். நம்மகிட்ட காசு இருந்தே இப்படி தவிக்கறோம், இவர் என்ன பண்ணுவார்னு அங்க தோணினதுதான்.

டாக்டர்களைக் கூட்டி வச்சு கேட்டப்போ 20 பேர்ல 19 பேர் முடியவே முடியாதுன்னுட்டாங்க, மிச்சம் ஒருத்தர் "கட்டலாம், ஆனா இலவசமா பார்க்க முடியாது"ன்னார். இது இம்ரான் பல மேடையில சொல்ற கணக்கு. நிலம் கொடுத்தது யாருங்கறீங்க? நவாஸ் ஷெரிஃப் அரசு! அந்த ரெண்டு பாலுக்கு நின்ன அதே நவாஸ். பணம் வந்தது பெரிய முதலாளிங்ககிட்ட இருந்து மட்டும் இல்ல, ஸ்கூல் பசங்க உண்டியல், ஊர் ஊரா லாரி மேல நின்னு கேட்டப்போ ஜனங்க வீசின கசங்கின நோட்டு, ரம்ஜான் சமயத்துல வர்ற ஜகாத்ங்கற தானம், நுஸ்ரத் ஃபதே அலி கான் கச்சேரி வசூல், வெளிநாட்டுல இருக்கற பாகிஸ்தானிங்க டாலரு பவுண்டு. 1994 டிசம்பர் 29 லாகூர்ல திறந்தாங்க. சரியா 21 வருஷம் கழிச்சு 2015ல அதே தேதியில பெஷாவர்ல ரெண்டாவது.

இலவசம் நிஜம்தான். நூத்துல 75 பேருக்கு மேல பணம் முழுசாவோ பகுதியாவோ ஆஸ்பத்திரிதான் ஏத்துக்குது. ஒரு குறையும் சொல்லியாகணும், வர்ற எல்லாரையும் சேர்த்துக்க மாட்டாங்க. முதல்ல ஒரு கிளினிக்ல பார்த்து, ஆரம்ப கட்டத்துல இருக்கு, குணமாக வாய்ப்பு இருக்குன்னா எடுத்துப்பாங்க, முத்திப்போன கேஸ்னா பெரும்பாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. படுக்கை கொஞ்சம், கூட்டம் ரொம்ப, யாரைக் காப்பாத்த முடியுமோ அவங்களைக் காப்பாத்தறோம்னு அவங்க நியாயம். வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போற குடும்பத்துக்கு அந்த நியாயம் எப்படிக் கேக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

1996 ஏப்ரல்ல அங்க குண்டு வெடிச்சு நோயாளிங்க உட்பட பல பேர் செத்தாங்க. அதே மாசம்தான் கட்சி ஆரம்பிச்சார். 2013ல பிரசார மேடைக்கு தூக்கிட்டுப் போன ஃபோர்க்லிஃப்ட்ல இருந்து கீழே விழுந்தப்பவும், 2022 நவம்பர்ல வஜீராபாத் பேரணியில காலில் சுட்டப்பவும் அவரை படுக்க வச்சது இதே ஷௌகத் கானம்லதான்.

கேள்வி: பால் டாம்பரிங் பண்ணினவர்தானே இவர்?
*- ஒரு வாசகர், வேலூர்*

1981ல ஒரு கவுன்டி மேட்ச்ல பாட்டில் மூடியால பாலை சுரண்டினேன்னு அவரே ஒத்துக்கிட்டார். ஒத்துக்காம டெஸ்ட்ல 300 விக்கெட்டை தாண்டினவங்க எத்தனை பேர்னு கேட்டா எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், விடுங்க.

கேள்வி: உலகக்கோப்பை, ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தும் ஜெயிக்க 22 வருஷம் ஏன் ஆச்சு? நம்ம ஊர்லன்னா அடுத்த எலெக்ஷன்ல சி.எம்.
*- ஒரு வாசகர், மதுரை வடக்குமாசி வீதி*

கை தட்டறவன் எல்லாம் ஓட்டு போடுவான்னு நினைச்சதுதான் காரணம். 1997ல முதல் தேர்தல், கட்சிக்கு ஒரு சீட் கூட இல்ல. 2002ல ஒண்ணே ஒண்ணு, மியான்வாலியில அவரே நின்னு ஜெயிச்சது. 2008ல புறக்கணிப்பு. அங்க கிராமத்துல ஓட்டுங்கறது ஜமீன்தார், சாதிப் பிரிவு, போலீஸ் ஸ்டேஷன்ல யார் சொன்னா வேலை நடக்கும், இந்த கணக்குல விழறது. கிரிக்கெட் புகழும் நேர்மைப் பேச்சும் வச்சுக்கிட்டு அந்த சுவத்துல மோதினா என்ன ஆகும்.

மாறினது 2011 அக்டோபர் 30, லாகூர் மினார்-இ-பாகிஸ்தான் கூட்டம். அன்னிக்கு வந்தது கிராமத்து ஆள் இல்ல, டவுன் பசங்க, காலேஜ் பொண்ணுங்க, அதுவரைக்கும் ஓட்டே போடாத குடும்பங்க. அதைப் பார்த்து பழைய கட்சிக்காரங்க பல பேர் பெட்டியைத் தூக்கிட்டு இவர்கிட்ட வந்தாங்க, இவரும் சேர்த்துக்கிட்டார். ஊழலை ஒழிக்க வந்த கட்சியில யாரை ஒழிக்கணும்னு சொன்னாரோ அவங்க மாதிரியே ஆளுங்க! 2013ல கைபர் பக்தூன்க்வா மாகாணம் கிடைச்சுது, 2014ல தேர்தல்ல தில்லுமுல்லுன்னு இஸ்லாமாபாத்ல 126 நாள் தர்ணா. அந்த தர்ணாவுக்கு மேடையா வச்ச கன்டெய்னர் மேல நின்னுதான் "அம்பயர் விரலைத் தூக்கப் போறார்"னு சொன்னார். அம்பயர்னா யாரு, ராணுவம்னு கேட்ட எல்லாருக்கும் புரிஞ்சுது. உள்ளூர் அம்பயர் வேண்டாம்னு லாகூர்ல இன்னிங்ஸ் தோல்வி வாங்கின அதே ஆள்தான் சார், இப்போ உள்ளூர் அம்பயர் விரலுக்காக கன்டெய்னர் மேல காத்துக்கிட்டு நிக்கறார். எனக்கு இம்ரான் மேல இருந்த மயக்கம் போனது அன்னிக்குத்தான்.

அப்புறம் வெளிநாட்டு ரகசிய கம்பெனி விவரமெல்லாம் கசிஞ்ச பனாமா பேப்பர்ஸ், 2017ல நவாஸ் பதவி போச்சு, 2018 ஜூலைல தேர்தல், ஆகஸ்ட் 18 பிரதமரா பதவியேற்பு. எதிர்க்கட்சிக்காரங்க அவரை எலெக்டட் இல்ல, ராணுவம் பொறுக்கின செலக்டட்னு கிண்டல் பண்ணாங்க.

கேள்வி: அபிநந்தனை விட்டது பெருந்தன்மையா, பயமா?
*- ஒரு வாசகர், தாம்பரம்*

நம்ம சென்னை குடும்பத்துப் பையன், விமானப்படை பைலட், 2019 பிப்ரவரி 27 பிடிபட்டு மார்ச் 1 வாகா வழியா நடந்து வந்தார், அந்த ரெண்டு நாள் நான் டிவி முன்னாடி இருந்து எழுந்திருக்கல. பெருந்தன்மையும் இருக்கும், பயமும் இருக்கும், உலக நாடுங்க கொடுத்த நெருக்கடியும் இருக்கும். எதுவா இருந்தா என்ன, பையன் வந்து சேர்ந்தான்ல.

கேள்வி: பிரதமரா என்னதான் சாதிச்சார்? கடைசியில ஏன் தூக்கினாங்க? ஆர்மி கொண்டு வந்தவரை ஆர்மியே ஏன் இறக்கணும்?
*- ஒரு வாசகி, கோவை*

ஏழைக் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி செலவுக்கான ஹெல்த் கார்டு, கொரோனா சமயத்துல கைக்கு நேரா பணம், வீடில்லாதவங்களுக்கு ராத்தங்கல் இடம், இதெல்லாம் நல்லா பண்ணார்னு எதிரிங்களே சொல்வாங்க. கர்தார்பூர் குருத்வாராவுக்கு இந்தியாவுல இருந்து போற வழியைத் திறந்து விட்டதை சீக்கியர்கள் மறக்க மாட்டாங்க. பொருளாதாரம்தான் கவுத்துடுச்சு. ஐஎம்எஃப்கிட்ட கையேந்தறதுக்கு பதிலா தற்கொலை பண்ணிப்பேன்னு பேசினவர் 2019ல அவங்ககிட்டயே 600 கோடி டாலர் கடனுக்கு கையெழுத்து போட்டார். யூ-டர்ன் அடிக்காதவன் தலைவனே இல்லைன்னு அதுக்கு ஒரு தத்துவம் வேற. எதிர்க்கட்சித் தலைவர்கள் வரிசையா ஜெயிலுக்குப் போனாங்க, பத்திரிகைக்காரங்க பாடு திண்டாட்டம். அது இவரோட கை இல்ல, பின்னாடி இருந்தவங்க கைன்னு கட்சிக்காரங்க இப்போ சொல்றாங்க. அப்போ சொல்லலையே.

தூக்கினதுக்கு வருவோம். 2021ல உளவுத்துறைத் தலைவரை யார் போடறதுன்னு ராணுவத் தளபதிக்கும் இவருக்கும் முட்டிக்கிச்சு. அப்புறம் எதிர்க்கட்சிங்க நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தப்போ ராணுவம், நாங்க யார் பக்கமும் இல்ல, நியூட்ரல்னு சொல்லிடுச்சு. அதுக்கு 2022 மார்ச்சுல ஒரு பொதுக்கூட்டத்துல இம்ரான் சொன்ன பதில், "மனுஷன்னா ஒரு பக்கம் நிப்பான், மிருகம்தான் நியூட்ரலா இருக்கும்." திண்டுக்கல் தம்பி, படிக்கறியா? நியூட்ரல் அம்பயருக்காக உலகத்தோட சண்டை போட்டவர் வாயில இருந்து வந்த வார்த்தை இது.

ஏப்ரல் 10, நடுராத்திரி ஓட்டெடுப்பு, எதிரா 174 ஓட்டு, ஆட்சி போச்சு. பாகிஸ்தான்ல எந்த பிரதமரும் அஞ்சு வருஷம் முழுசா இருந்ததில்ல, ஆனா நம்பிக்கையில்லாத் தீர்மானத்துல போனது இவர்தான் முதல் ஆள். அதுக்கப்புறம் நடந்தது எனக்கே ஆச்சரியம், பதவியில இருந்தப்போ திட்டிட்டு இருந்த ஜனம் பதவி போனதும் பின்னாடி திரண்டுடுச்சு. 2023 மே 9 கைது பண்ணதும் ஊரெல்லாம் கலவரம், லாகூர்ல ராணுவ கோர் கமாண்டர் வீட்டையே கொளுத்தினாங்க. ஆகஸ்ட்ல திரும்ப கைது, பிறகு ராவல்பிண்டி அடியாலா ஜெயில், 2025 ஜனவரில ஒரு கேஸ்ல 14 வருஷம் தண்டனை.

கேள்வி: விளையாட்டு வீரர் ஆட்சிக்கு வந்தா இப்படித்தான் முடியுமா? நல்லபடியா முடிஞ்ச ஆள் யாருமே இல்லையா?
*- ஒரு வாசகர், நாகர்கோவில்*

லைபீரியாவுல ஜார்ஜ் வேயா. மன்ரோவியா குடிசைப் பகுதியில பொறந்து, 1995ல பாலன் டி'ஓர் வாங்கி (ஆப்பிரிக்காவுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான்), உள்நாட்டுப் போர்ல நாடு சிதறிக் கிடந்தப்போ தேசிய டீமுக்கு ஜெர்ஸி, விமான டிக்கெட் எல்லாம் சொந்தக் காசுல வாங்கிக் கொடுத்தவர். 2018ல ஜனாதிபதி. ஆட்சி ஆஹா ஓஹோன்னு சொல்ல முடியாது, விலைவாசி, ஊழல் புகார்னு ஜனங்க அலுத்துட்டாங்க. 2023 தேர்தல்ல எதிர்த்து நின்ன போவகாய்கிட்ட மயிரிழையில தோத்தார். தோல்வின்னு தெரிஞ்சதும், இறுதி முடிவு வர்றதுக்கு முன்னாடியே போன் போட்டு வாழ்த்து சொல்லிட்டு ஒதுங்கிட்டார். அம்பயரைப் பார்க்கவே இல்ல, அவரே நடந்து போயிட்டார். கிரிக்கெட்ல இதுக்கு வாக் பண்றதுன்னு பேரு, ஆனா இவர் ஃபுட்பால்காரர்!

கேள்வி: 2024 தேர்தல்ல இம்ரான் கட்சிக்கு பேட் சின்னம் கொடுக்கலையாமே, அப்புறம் எதுல நின்னாங்க?
*- ஒரு வாசகர், பரமக்குடி*

உட்கட்சித் தேர்தலை ஒழுங்கா நடத்தலைன்னு சின்னத்தைப் பிடுங்கிட்டாங்க. 1989ல இங்க ரெட்டை இலை முடங்கி ஒரு அணிக்கு சேவல், இன்னொரு அணிக்கு ரெட்டைப் புறான்னு நின்னாங்களே, அதை வச்சுப் பார்த்தா உங்களுக்கே புரியும், படிக்கத் தெரியாத ஓட்டருக்கு சின்னம்தான் கட்சி. அங்க இன்னும் மோசம், எல்லாரும் சுயேச்சையா ஆளுக்கொரு சின்னத்துல நின்னாங்க. இஸ்லாமாபாத்ல ஒரு வேட்பாளருக்கு கிடைச்சது கத்தரிக்காய். மனுஷன் கூச்சப்படாம ரெண்டு கையிலயும் கத்தரிக்காயைத் தூக்கிக்கிட்டு ஓட்டு கேட்டார், அங்க மார்க்கெட்ல கத்தரிக்காய் விலை ஏறிடுச்சுன்னு கூட ஜோக் அடிச்சார். தலைவர் ஜெயில்ல, சின்னம் இல்ல, கூட்டம் போட விடல, இருந்தும் அந்த சுயேச்சைங்கதான் மத்த எந்தக் கட்சியையும் விட அதிக சீட் ஜெயிச்சாங்க. ஆட்சி அமைச்சது நவாஸ் தம்பி ஷெஹ்பாஸ். ரெண்டு பால்ல அவுட் ஆனவர் குடும்பம்தான் சார் இன்னும் க்ரீஸ்ல நிக்குது.